வெடியும் தண்ணியும்

எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பிடிக்காத எல்லாமே சவம்தான். அடைத்துக்கொண்ட வாஷ்பேசின் சவம். நேரத்துக்கு வராத கேஸ் சிலிண்டர் சவம். பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்ற நானும் சவம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள் அவள். கரமனையில் இத்தனை வருடம் இருந்து, கடைக்காரனிடமும் பஸ் கண்டக்டரிடமும் மலையாளத்தில் சண்டை போடப் பழகிவிட்டாலும், வீட்டுக்குள் திட்டுவது மட்டும் ஊர்த் தமிழில்தான். அதனால் அந்த வருடம் அவள் மாடிப்படியின் கீழே நின்று, "அந்த சவத்த அணைச்சுட்டு சாப்பிட வாட்டி" என்று கத்தும்போதெல்லாம் அவள் சொன்னது என் லேப்டாப்பை. திரையில் பெரும்பாலும் உண்மையான சவம் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

நான் முதலில் படித்தது சிவில் இன்ஜினியரிங். அதன் பிறகு சட்டம். இரண்டும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று வெளிநாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்று தேடியது. எனக்கு ஃபெலோஷிப் கிடைத்தது. வேலையை இப்படிச் சொல்லலாம். போரில் கூட்டம் கூட்டமாகக் கொன்றவர்களில் சிலர் பிறகு வேறு நாட்டுக்குப் போய், கடை வைத்து, வீடு வாங்கி, நிம்மதியாக இருப்பார்கள். சில நாடுகளின் சட்டம், கொலை எங்கே நடந்திருந்தாலும் கொன்றவன் இங்கே இருந்தால் இங்கேயே விசாரிக்கலாம் என்கிறது. அப்படிப்பட்ட ஒரு வழக்குக்கான சாட்சியங்களைச் சரிபார்த்து, அந்த நாட்டு அரசு வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். நான் அங்கேயே போய் உட்கார்ந்து வேலை செய்திருக்க வேண்டியவள். விசா வரவில்லை. வருகிறவரை வீட்டிலிருந்தே செய் என்றார்கள். மாடி அறையில், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் மேஜையைப் போட்டேன்.

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் கணக்கர். அங்கே யாராவது, "மக என்னா செய்யுகா?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதில்: "கம்ப்யூட்டர்ல கொலைக் கேஸு." கேட்டவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்.

வீடியோ பார்ப்பதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். படத்தைச் சின்னதாக்கு. நிறத்தை எடுத்துவிடு, கறுப்பு வெள்ளையில் ரத்தம் வெறும் ஈரம் மாதிரி இருக்கும். முகத்தைத் தேடாதே, சுவரைத் தேடு, நிழலைத் தேடு. சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம். எனக்கு இப்படிப்பட்ட பட்டியல்கள் பிடிக்கும். பாதி நாட்கள் அவை வேலை செய்தன. மீதி நாட்களில், சாலையில் லாரியிலிருந்து கம்பிக் கட்டை இறக்கிப் போடும் சத்தத்துக்கு நான் மட்டும் தலையைக் குனிந்தேன். பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் எறிந்து உடைக்கிற சத்தம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. அந்த வருடம் அது காதில் விழும்போது, உடைவது தேங்காய்தான் என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்த வீடியோவைக் கொன்றவர்களே எடுத்திருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ் பேசுகிற ஒரு ஊர். ஒரு வீட்டின் கிணற்றடி. சிமெண்டுத் தளத்தில் ஒரு பையன் குப்புறக் கிடக்கிறான். மீசை இன்னும் சரியாக வராத வயது. அவனுடைய சட்டையைக் கழற்றி அதனாலேயே கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். சீருடைக் கால்சட்டை போட்ட ஒருவன் குனிந்து பையனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி முகத்தைக் கேமராவுக்குக் காட்டுகிறான். கீழ்த் தாடை இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. நாக்கு தனியாகத் தொங்குகிறது. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். முடியை விட்டதும் தலை தளத்தில் மோதுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்னொருவனும் சிரிக்கிறான். படம் எடுப்பவனின் கை சற்று அசையும்போது வீட்டுச் சுவர் தெரிகிறது. சன்னல் திட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அதன் கண்ணாடிச் சிம்னி உடையாமல் இருக்கிறது. கடைசியில், படத்துக்கு வெளியே எங்கோ, கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது. நான் என் குறிப்பில் "கப்பி" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அந்தப் பையனின் அம்மா உயிரோடு இருந்தார். குளிர் அதிகமுள்ள ஒரு நாட்டில், ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கும் வேலை. கொன்ற அதிகாரியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்களில் மிச்சமிருந்தது அவர் மட்டும்தான். அந்த அதிகாரி இன்னொரு நாட்டில் சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தான். கடை திறப்பு விழாப் படம் ஒன்று எங்கள் கோப்பில் இருந்தது. மாலை போட்டுக்கொண்டு, ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறான். என் வேலை அவனுடைய காதின் வடிவத்தைப் பழைய படம் ஒன்றோடு ஒப்பிடுவது. காதைப் பார்த்து முடித்த பிறகும் நான் அந்தப் படத்தை மூடாமல், மாலைக்கு மேலே தெரிந்த கழுத்தில் எந்த இடத்தில் அடித்தால் உடனே சாக மாட்டான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி யோசிப்பது எனக்கே வித்தியாசமாகப் படவில்லை. அதுதான் பிறகு உறுத்தியது.

அந்த அம்மா இரண்டு தடவை வாக்குமூலம் கொடுத்திருந்தார். முதலாவது, சில வருடங்களுக்கு முன்னால், ஒரு ஹோட்டல் அறையில், மொழிபெயர்ப்பாளர் மூலம் எங்கள் அமைப்புக்கே. அதன் ஆங்கிலப் பிரதியில், கிணற்றடியில் வெடிமருந்து வைத்தார்கள், இரண்டு வெடிப்புகள், மகன் இறந்துபோனான் என்று இருந்தது. அதிகாரியின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாவது, பிறகு போலீசுக்குக் கொடுத்தது. அதில் ஒரு அதிகாரி மகனை இரண்டு தடவை சுட்டான், அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன் என்கிறார். அதை மொழிபெயர்த்தவர் அவருடைய ஊர்க்காரர்.

எங்கள் குழுவில் முன்பு ராணுவத்தில் இருந்த ஒரு பொறியாளர் அந்த வீடியோவை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். கிணற்றடியில் எந்த வெடிப்பும் நடந்த அடையாளம் இல்லை. அவ்வளவு பக்கத்தில் வெடித்திருந்தால் அந்தச் சிம்னி மிஞ்சியிருக்காது. நான் சரிபார்த்தேன். சுவரில் விரிசல் இல்லை, சாந்து உதிரவில்லை, தளத்தில் பள்ளம் இல்லை. அறிக்கை சரிதான்.

"அப்படியானால் முதல் வாக்குமூலம் தவறு," என்றார் என் மேற்பார்வையாளர். அவர் நிதானமாகப் பேசுகிற வழக்கறிஞர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "முதலில் குண்டு என்றார், பிறகு சுட்டார்கள் என்கிறார். முதலில் முகம் இல்லை, பிறகு முகம் வருகிறது. ஊர்க்காரர்களோடு பேசிக் கதையை மாற்றிக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை."

"அவரை நீக்கினால்?"

"முகத்தைப் பார்த்த சாட்சி இல்லை. அந்தப் பையனின் கொலையை இவன் மேல் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வோம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் அம்மா தீயல் வைத்திருந்தாள். டிவியில் மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ மலைப்பக்கம் தோட்டத்தில் புகுந்த காட்டுப்பன்றியைக் கொன்றுவிட்டார்களாம். கால்கள் கட்டப்பட்டுக் கம்பில் தலைகீழாகத் தொங்கிய பன்றியின் வாயிலிருந்து ரத்தம் சொட்டியது. ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"வெடி வச்சுக் கொன்னுட்டானுவ," என்றார் அப்பா. "நல்ல காரியம். மரச்சீனிக் கெழங்கு ஒண்ண விட்டு வைக்காது."

"ஐயோ," என்றாள் அம்மா. "வாயில படக்கத்த வச்சா? பசு ஒண்ணு அதக் கடிச்சு வாயே செதறிப் போச்சுன்னு காட்டுனானே, அந்த மாதிரியா?"

"படக்கம் இல்லட்டி. வெடி வச்சு. தோக்கு வச்சு."

"தோக்குன்னா தோக்குன்னு சொல்லணும். வெடி வச்சான்னா நான் என்னத்தக் கண்டேன்?"

"வந்து இத்தன காலமாச்சு, இன்னும் வெடின்னா ஒனக்குப் படக்கந்தான்."

"ஆமா, நீங்க பெரிய மலையாளத்தாரு. தீயல் ஊத்தவா, வேண்டாமா?"

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மலையாளத்தில் வெடி வைப்பது என்றால் சுடுவது. தோக்கு என்றால் துப்பாக்கி, படக்கம் பட்டாசு. இந்த ஊரில் பள்ளிக்கூடம் போன எனக்கு இது ஒன்றும் புதிது இல்லை. ஆனால் அந்த அம்மாவின் முதல் வாக்குமூலத்தை நான் ஆங்கிலத்தில் மட்டுமே படித்திருந்தேன். 'வெடிமருந்து வைத்தார்கள்' என்ற அந்த ஆங்கில வாக்கியத்துக்கு அடியில் என்ன தமிழ் இருந்தது என்று நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

"அந்தச் சவத்தப் பாத்துட்டு இருக்காம சாப்பிடு மக்களே," என்றாள் அம்மா. இந்தத் தடவை அவள் சொன்னது பன்றியை.

திங்கட்கிழமை முதல் வாக்குமூலத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினேன். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டில் படித்தவர். அழகான தமிழ், குரலில் இரக்கம். அந்த அம்மாவின் குரல் அழுது அழுது கரகரத்திருந்தது. "கிணத்தடியில வைச்சு என்ரை பிள்ளைக்கு வெடி வைச்சவன். ஒண்டு. பேந்து இன்னொண்டு." மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி யோசித்து ஆங்கிலத்தில் சொன்னார்: கிணற்றடியில் வெடிமருந்து வைத்தார்கள், இரண்டு. இடத்தைச் சொல்கிற 'வைச்சு'வும் சுட்டதைச் சொல்கிற 'வைச்ச'வும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குண்டாகிவிட்டது. 'வைச்சவன்' ஒருத்தன், ஆங்கிலத்தில் அவன் 'அவர்கள்' ஆனான். பிள்ளைக்கு யாராவது குண்டு வைப்பார்களா என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த இடத்தில் ஆங்கிலப் பிரதியில் அடைப்புக்குறிக்குள் இப்படி இருந்தது: சாட்சி தண்ணீர் கேட்கிறார், இடைவேளை. ஒலிப்பதிவில் அந்த அம்மா விம்முகிறார். பாதி விளங்கவில்லை. "தண்ணி... தண்ணி எண்டு..." உடனே மொழிபெயர்ப்பாளர், "இவருக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்" என்கிறார். நாற்காலி இழுபடுகிறது. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம். பதிவு நிற்கிறது. திரும்பத் தொடங்கும்போது கேள்வி வேறு: ஊருக்குள் எத்தனை வாகனங்கள் வந்தன?

திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். தண்ணி எண்டு. தண்ணீர் என்று. தனக்குத் தாகம் எடுத்தால் யாரும் 'தண்ணீர் என்று' எனச் சொல்ல மாட்டார்கள். வேறு யாரோ சொன்னதைச் சொல்லும்போதுதான் அந்த 'என்று' வரும். யார் தண்ணீர் என்றது?

விதிகளை விட்டுவிட்டு அந்த வீடியோவை முழுச் சத்தத்தில், முழுத் திரையில், நிறத்தோடு போட்டேன். சிரிப்பு. தலை தளத்தில் மோதும் சத்தம். பிறகு கப்பி. கயிறு இறங்குகிறது, வாளி தண்ணீரில் விழுகிறது, கப்பி கிறீச்சிட்டுக்கொண்டே கயிறு ஏறுகிறது. யாரோ தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். அத்தனை நாளும் அந்த அம்மா அந்த வீடியோவுக்குள் நின்றுகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. நான் அவருக்குக் 'கப்பி' என்று பெயர் வைத்திருந்தேன்.

கீழே போனபோது அம்மா தேங்காயை நீட்டி உடைத்துத் தரச் சொன்னாள். வெட்டுக்கத்தியின் முதுகால் ஒரே அடியில் அது பிளந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தேன். ஓட்டுத் துண்டு ஒன்று தெறித்துப் புறங்கையைக் கிழித்தது. அப்புறமும் அடித்தேன்.

"சவமே, என்னட்டி ஆச்சு ஒனக்கு?" அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியைப் பிடுங்கினாள். தரையில் தேங்காய்த் தண்ணீரும் ரத்தமும் கலந்து கிடந்தது. "இனி இதத் துருவவா, கூட்டி அள்ளவா?"

"அள்ளிப் போட்டுடலாம்," என்றேன். வேறு தேங்காய் எடுத்து அவளே உடைத்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "உன் காது சாட்சியம் இல்லை," என்றார். "நீ பேசுவதும் அவர் பேசுவதும் ஒரே தமிழ் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு மொழி நிபுணரிடம் கேட்போம். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சாட்சியே சொல்ல வேண்டும், பதிவு செய்யப்பட்ட பேச்சில். நீ துப்பாக்கி என்று சொல்லக் கூடாது. சுட்டான் என்று சொல்லக் கூடாது. தண்ணீர் என்று சொல்லக் கூடாது."

"அவர் மறுபடியும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?"

"ஆமாம். நடந்தது முழுவதும்."

மகன் செத்ததை அந்த அம்மா மூன்றாவது தடவையாகச் சொல்ல வேண்டும். சொல்ல வைக்கப் போவது நான். அவர் மறுத்துவிட்டால் வெள்ளிக்கிழமை அவருடைய பெயர் போய்விடும். வாளியும் கப்பியும் எந்தப் பிரயோஜனமும் இல்லாமல் என் குறிப்பில் கிடக்கும்.

புதன்கிழமை மதியம் வீடியோ அழைப்பு. அங்கே காலை. அந்த அம்மா வேலைக்குப் போகிற உடுப்பிலேயே, கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் அமைப்பிலிருந்து துணைக்கு வந்திருந்த பெண் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது.

"நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆமாம் அம்மா. திருவனந்தபுரம்."

"மலையாளமோ?"

"இல்லை, தமிழ்தான்."

"கதைக்கிறது மலையாளம் மாதிரியெல்லோ கிடக்கு."

"இங்கே மலையாளத்துக்காரர்கள், நான் மலையாளம் பேசினால் தமிழ் மாதிரி இருக்கிறது என்கிறார்கள்."

சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. நான் நேரடியாக விஷயத்துக்கு வந்தேன். அன்றைக்குக் கிணற்றடியில் நடந்ததை உங்கள் வார்த்தையில் சொல்ல முடியுமா?

சிரிப்பு போய்விட்டது. "எத்தினை தரம் பிள்ளை? முதல் ஒரு ஹோட்டல்ல வைச்சுக் கேட்டவை. பேந்து பொலிஸ் கேட்டது. இப்ப நீர் கேக்கிறீர். நான் சொல்லேக்க ஒவ்வொரு தரமும் அவன் சாகிறான். உங்கள் எல்லாருக்கும் அது விளங்குறேல்லை."

"முதல் தடவை நீங்கள் சொன்னதில் ஏதோ சரியாக எழுதப்படவில்லை என்று நினைக்கிறேன் அம்மா. தப்பு எங்களுடையது. என்ன என்று நான் சொல்லக் கூடாது."

"ஏன் சொல்லக் கூடாது?"

"சொன்னால் நான்தான் உங்கள் வாயில் வைத்தேன் என்பார்கள்."

துணைக்கு இருந்த பெண் அவர் தோளில் கை வைத்தார். அந்த அம்மா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

காலையில் வந்தார்கள், சீருடைக்காரர்களும் அவர்களுடைய அதிகாரியும். மகனை வீட்டுக்குள்ளிருந்து இழுத்துக் கிணற்றடியில் முழங்காலில் இருத்தினார்கள். சட்டையைக் கழற்றிக் கையைக் கட்டினார்கள். அந்த அம்மாவின் கொண்டையைப் பிடித்து, முகத்தைத் திருப்ப முடியாதபடி ஒருவன் இறுக்கிக்கொண்டான். சின்ன மகள் உள்ளே கட்டிலுக்கு அடியில் இருந்தாள். அவள் அங்கே இருப்பது வந்தவர்களுக்குத் தெரியாது. "அந்தப் பெரியவன் பின்னால வந்து நிண்டு என்ரை பிள்ளைக்கு வெடி வைச்சவன்."

அந்தச் சொல் வந்துவிட்டது. "வெடி வைத்தான் என்கிறீர்கள்," என்றேன். "அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? எப்படி வைத்தான்?"

"நீர் தமிழ்தானே? வெடி வைக்கிறது தெரியாதோ?" கோபம் ஏறியது. "உம்மட ஊரில ஒருத்தருக்கும் வெடி வைக்கிறேல்லையோ? குடுத்து வைச்ச சனம்."

அவர் எழுந்து நின்று, கேமராவுக்கு முதுகைக் காட்டி, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிடரியில் இரண்டு விரலை வைத்தார். "இஞ்ச. துவக்கை இஞ்ச வைச்சு. விளங்குதோ?"

துவக்கு. அப்பாவின் தோக்கு. நான் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டேன்.

திரும்பி உட்கார்ந்து மிச்சத்தையும் சொன்னார். இனி நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தியிருக்க மாட்டார். துவக்கை வைத்த நேரம் உள்ளே தங்கச்சி முனகினாள். மகன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். முதல் வெடி காதுக்குக் கீழே போய்த் தாடையைக் கொண்டுபோய்விட்டது. சாகவில்லை. ஏதோ சொல்லப் பார்த்தான். சொல்ல வாய் இல்லை. கை கட்டியிருந்ததால் தோளைத் தூக்கித் தூக்கி, தொங்கிய சதையைத் தோளால் தாங்கப் பார்த்தான். அவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகுதான் இரண்டாவது. "அவன்ரை பல்லொண்டு என்ரை சட்டைக்குள்ள கிடந்தது பிள்ளை. பின்னேரம் உடுப்பு மாத்தேக்கதான் கண்டனான்."

கேட்க அனுமதியுள்ள கேள்வி ஒன்றுதான் மிச்சம். "அதற்குப் பிறகு என்ன நடந்தது?"

"பேந்து அந்தப் பெரியவன் என்னைப் பாத்து, தண்ணி எண்டு கேட்டவன். தமிழில. 'அம்மா, தண்ணி.'" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குடுக்காமல் விட்டால் உள்ளுக்குப் போவாங்கள். உள்ளுக்குச் சின்னப் பெட்டை கிடக்கு. பிள்ளையைத் தாண்டிப் போய் அள்ளிக் குடுத்தனான். கப்பி கத்தும், எண்ணெய் விடுங்கோ எண்டு இவரிட்டை எத்தினை நாள் சொன்னனான். வாளியோட தூக்கிக் குடிச்சவன். மிச்சத்தில கை கழுவினவன். வாளியைத் திருப்பி என்ரை கையில தரேக்க முகத்தை வடிவாப் பாத்தனான். இண்டைக்குக் காட்டினாலும் சொல்லுவன்."

"இதை முதல் தடவை..." என்று தொடங்கி நான் நிறுத்திக்கொண்டேன்.

"சொன்னனான். ஹோட்டல்ல சொன்னனான். தண்ணி எண்டு கேட்டவன் எண்டு நான் சொல்ல வெளிக்கிட, எனக்கு ஒரு கிளாஸில தண்ணி கொண்டந்து தந்தவை." தலையை ஆட்டினார். "நானும் குடிச்சனான்."

மொழி நிபுணர் ஒலிப்பதிவைக் கேட்டு, வெடி வைத்தல் என்றால் அந்தப் பகுதி வழக்கில் துப்பாக்கியால் சுடுதல் என்று எழுதிக் கொடுத்தார். கப்பிச் சத்தத்தைப் பற்றி நான் தனியாக ஒரு குறிப்பு எழுதினேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. மேற்பார்வையாளர் எனக்கு அனுப்பியது ஒரே வரி: "வைத்துக்கொள்கிறோம்; திருத்திய பிரதியைப் படித்துக் காட்டு."

படித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். எழுதியதைச் சாட்சிக்கு அவருடைய மொழியில் வரி வரியாக வாசிக்க வேண்டும். சரி என்றால்தான் கையெழுத்து. அடுத்த வாரம் அதே நேரத்தில் அழைத்தேன். நான் நல்ல எழுத்துத் தமிழில் தயாரித்து வைத்திருந்தேன். "அந்த அதிகாரி என் மகனின் பின்னால் நின்று அவனைத் துப்பாக்கியால் சுட்டார்" என்று வாசித்தேன்.

"நில்லும்," என்றார். "சுட்டாரோ? ஆர் அவர்? கோயில் ஐயரோ? அவனுக்கென்ன 'ஆர்'?"

"எழுத்தில் அப்படித்தான்..."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. வெடி வைச்சவன் எண்டுதான் சொன்னனான். அப்பிடியே எழுதும்."

அழித்துவிட்டு எழுதினேன். ஆங்கிலத்தில் எப்படியும் அவனுக்கு 'ஆர்' கிடையாது, 'அன்' கிடையாது என்று விளக்கினேன். அது அவருக்குச் சமாதானமாக இல்லை.

"இதை அவனுக்கு வாசிச்சுக் காட்டுவினமோ?"

"வழக்கு நடந்தால், நீதிமன்றத்தில் வாசிப்பார்கள். அந்த நாட்டு மொழியில். அவனுடைய மொழியில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார்."

"தமிழில இல்லையோ?"

"தமிழில் இல்லை."

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். வெளியே வெள்ளையாக இருந்தது, பனியா வெளிச்சமா தெரியவில்லை. "தண்ணி எண்டு தமிழில கேக்கத் தெரிஞ்சவன்தானே," என்றார். "அப்ப ரெண்டு சொல்லை மட்டும் தமிழில விடும். வெடி. தண்ணி. மிச்சத்தை என்ன பாஷையில எண்டாலும் எழுதுங்கோ."

விட்டேன். ஆங்கிலப் பிரதியில் அந்த இரண்டு இடத்திலும் அவர் சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. மேற்பார்வையாளர் எடுக்கச் சொல்லவில்லை. நீதிபதிக்காக அடிக்குறிப்பில் பொருள் எழுதி வைத்தேன். அவனுக்கு அது தேவைப்படாது.